உங்கள் விரல்கள் நின்ற இடம்

அப்பா, நம் ஊர் சியாஞ்சூர் பாட்டுப் போட்டியில் என்னைத் தோற்கடித்தது நீங்கள்தான். நடுவராக உட்கார்ந்து, "கமகத்தை மாத்திட்டா, மரபைக் கெடுத்துட்டா" என்று எல்லோர் முன்னும் சொன்னீர்கள்.

உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா நலமா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

போன ஞாயிறு இங்கே ஜகார்த்தா ஹோட்டலில் ஒரு கல்யாணம். மணப்பெண் தாயின் காலில் விழும்போது நம் பாட்டைப் பாடினேன். துணைக்கு உங்கள் கச்சாப்பியின் தந்திகள் இல்லை, கீபோர்டுதான். நம் சுரம் அதன் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிறது. மேலாளர் ஓடி வந்தார்.

"யக்கா, சுருதி தப்புது! பழைய இழுவையெல்லாம் உங்க ஊர்லயே வச்சுக்கங்க. சாப்பிடுறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க!"

சிரித்துக்கொண்டே கீபோர்டுக்கு இணங்கிப் பாடினேன். கை தட்டினார்கள். அறைக்கு வந்து நம் சுரத்தைத் தேடினேன். தொண்டையில் அது இல்லை.

சமையலுக்கு ஒரு புட்டி தவுச்சோ சோயா விழுது அனுப்புங்கள், இங்கே விற்பது இனிக்கிறது. என் குரலுக்கென்று நீங்கள் சுருதி கூட்டும் கச்சாப்பியின் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி, கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஒன்று மட்டும், முந்தைய கடிதங்களிலும் கேட்டேன், நீங்கள் பதில் போடவில்லை. நான் மாற்றிய அந்தக் கமகத்தை வீட்டில் முதன்முதலில் பாடியபோது உங்கள் விரல்கள் தந்தியிலேயே நின்றுவிட்டன. அது அழகாக இருந்ததா, இல்லையா? சொல்லுங்கள்.

இமாஸ்