அதிபர் கதிரை

பன்வில
12.6.1991

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் புவனேஸ்வரி வணக்கத்தோட எழுதுறேன். உங்க இருமல் குறைஞ்சிச்சா? அம்மா கால் வீக்கம் வத்திருச்சா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. எங்க தோட்டப் பள்ளிக்கூட அதிபர் ஓய்வு பெற்றுட்டாரு. அடுத்த மூத்த ஆள் நான்தான். ஆனா போன வருஷம் வந்த சிவபாலன் சேரைப் பதில் அதிபராக்கப் போறதாக் கல்வி அதிகாரி வந்து சொன்னாரு.

"தோட்டத்து ஆம்பளைங்க குடிச்சிட்டு வந்து சத்தம் போட்டா, பொம்பள நீங்க என்ன செய்வீங்க, டீச்சர்?"னு கேட்டாரு.

"பதினோரு வருஷமா அவங்கள சமாதானப்படுத்தி அனுப்புறதே நான்தான், சேர். பொம்பளைங்கிறதாலதான் எனக்கு இல்லைன்னா, அதை எழுத்தில தாங்க"ன்னேன். அவர் பேனாவை எடுத்தாரு, யோசிச்சாரு, எழுதாமலே போயிட்டாரு.

நேத்து நியமனக் கடிதம் வந்துச்சு, என் பேருக்கு. ஆறு மாசத்துக்குத்தான். வாசிச்சுக் காட்ட ஆளில்லாம, குவாட்டர்ஸ் அடுப்படியில நின்னு நானே சத்தமா வாசிச்சேன்.

கொஞ்சம் மிளகாய்த்தூளும் என் பழைய சுவெட்டரும் வேணும். தபால்ல அனுப்பாதீங்க. முடிஞ்சா அம்மாவைக் கூட்டிட்டு நீங்களே கொண்டு வாங்க.

தபால் பை கட்டுறாங்க, நிப்பாட்டுறேன்.

மகள்
புவனேஸ்வரி