பச்சை விளக்கு எரியும் ஆறாவது பெட்டி

எனக்க செல்ல அண்ணா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கல்லறைக்கு வந்து திட்டினால் உனக்கு மட்டும்தான் கேட்கும். இது ஊருக்கும் கேட்கவேண்டிய சங்கதி. உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

உன் மகள் ஜெஸ்ஸிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. எலிக்காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோன பிறகு அவளுடைய முதல் பிறந்தநாளும் வந்தது. பெற்றவள், மைனி, தயங்கினாள். நான்தான் நடத்துவோம் என்றேன். பறக்கிற பலூன் வேண்டும் என்றாள் பிள்ளை. அமரவிளையிலிருந்து பலூன்காரர் சிலிண்டரோடு வந்தார். முற்றத்து வெயிலில் வெடித்துவிடும் என்று மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அம்மா படுத்திருக்கிற ஏசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அத்தனை பலூனையும் நிரப்பினார். சிலிண்டர் உஸ்ஸென்று ஒழுகிக்கொண்டே இருந்தது. வாசனைகூட இல்லாத வாயு, யார் கவலைப்பட்டோம்?

நான் பாயசம் கொண்டுபோனபோது அம்மாவின் உதடு நாவல்பழம் மாதிரி கறுத்திருந்தது. யாரோ இழுத்துப்போட்ட நாற்காலியின் கால் ஆக்சிஜன் குழாயை மிதித்து நின்றது. குழாயில் காற்று நின்றால் கூப்பாடு போடத்தானே நீ அந்தப் பெட்டியைச் செய்து கட்டில் தலைமாட்டில் வைத்தாய்? அது வாயே திறக்கவில்லை. பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் கடிகாரத்தில் மணி 11.20. சுவர்க் கடிகாரத்தில் 12.05.

நாற்காலியைத் தள்ளினேன், அம்மா பிழைத்தாள். மேசைமேல் கிடந்த என் போனும் செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் பெட்டியும் போனும் தாமாகவே எழுந்துகொண்டன. மணியைத் திருத்தி வைத்தால் போதும், ஒன்றுமே நடக்காத மாதிரி. நின்றதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அலமாரியில் உன் நோட்டு கிடைத்தது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியின் மூளைக்குத் தாளம் போட அதற்குள் ஒரு சில்லு உண்டு. சில்லுக்குள் கடுகைவிடச் சின்னதாக, காற்றே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு சிலிக்கான் துண்டு நொடிக்கு லட்சக்கணக்கான முறை நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் பெட்டிக்குக் கடிகாரம். கீழே விழுந்தாலும் கெடாது என்றுதான் நீ அதைத் தேர்ந்தெடுத்தாய். ஆனால் பலூனில் அடைக்கிற ஹீலியம் அந்த அறையின் சுவரையும் கடந்து உள்ளே போகும். போனால் நடுக்கம் நிற்கும், மூளை நின்ற இடத்திலேயே நிற்கும், எரிந்த விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

இதெல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. கடைசி வரி: “அடுத்த செட்டில் குவார்ட்ஸ் போடணும்.” குவார்ட்ஸ் என்றால் ஹீலியத்துக்கு நிற்காத கடிகாரம். அடுத்த செட்டாம்! தெரிந்தே கொடுத்தாயா, கொடுத்த பிறகு தெரிந்ததா? தேதி போடாமல் எழுதுகிற உன் புத்தியை என்ன சொல்ல?

ஆறு பெட்டி செய்தாய் என்று மட்டும் நோட்டு சொல்கிறது. அம்மாவைப் போல மூச்சுக்குத் திணறுகிற யார் யாருக்குக் கொடுத்தாய் என்று எழுதவில்லை. கொடுத்ததை எழுதி வைப்பது பாவம் என்று நினைக்கிற ஆள் நீ. நம் வீட்டோடு சேர்த்து ஐந்தை விசாரித்துப் பிடித்துவிட்டேன்.

செங்கல் என்கிற ஊரில் ஒரு அக்கா தரவே மாட்டேன் என்று நின்றாள். அவளுடைய அப்பா மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். உன் பெட்டிக்குச் சந்தனப்பொட்டு வைத்திருந்தாள்.

“பச்ச லைட்டு எரிஞ்சிட்டுல்லா இருக்கு? ஒரு கொழப்பமும் இல்ல. உனக்க அண்ணன் தந்ததாக்கும், நான் தரமாட்டேன்” என்றாள்.

நான் கொண்டுபோன பலூனையும் பெட்டியையும் ஒரு கவரில் போட்டு, பலூனை அவிழ்த்துவிட்டு, கவரின் வாயைக் கட்டினேன். இருவரும் உட்கார்ந்து கவருக்குள் தெரிந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் எண் நகரவில்லை. விளக்கு எரிந்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“போன மாசம் பேரனுக்க மொதச் சோறூட்டுக்கு இந்த ரூமிலதான பலூன் கெட்டினோம்” என்றாள். பிறகு அவளே பெட்டியை எடுத்து என் கையில் தந்தாள்.

ஆறாவது எங்கே அண்ணா? நீ அதை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளறடை பஸ்ஸில் போனதை மைனி பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் தெரியும். அங்கே ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டேன், சர்ச்சில் கேட்டேன், மருந்துக்கடையில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறது. பலூன் வண்டி இப்போதே அந்த ரோட்டில் போய்வருகிறது.

இதை அச்சில் போடப்போகிறேன் என்றதும் அம்மா அழுதாள். “மக்கா, செத்துப்போனவனுக்க பேரை நாறடிக்காத பிள்ளே. அவன் நல்லதுதான நெனச்சான்?” என்றாள். நல்லதுதான் நினைத்தாய். எனக்கும் தெரியும்.

வெள்ளறடைப் பக்கம் யார் வீட்டிலாவது, பேனாவால் ‘6’ என்று எழுதிய வெள்ளைப் பெட்டி கட்டில் பக்கத்தில் இருந்தால், விளக்கைப் பார்க்காதீர்கள். மூச்சு வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள். பாறசாலையில் என் மொபைல் ரிப்பேர் கடைக்குச் சொல்லி அனுப்புங்கள், நானே வாறேன்.

அது கிடைக்கும்வரை உன் தப்பை வீடு வீடாகப் போய்ச் சொல்வேன் அண்ணா, அம்மா என்னோடு பேசாவிட்டாலும். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கட்டிலில் ஆள் உயிரோடு இருக்கவேண்டும். மேலே நீ கேட்கக்கூடியவர்களிடம் அதைக் கேள்.

உன் பெயரைக் கெடுக்கும்,
உன் ஒரே தங்கச்சி பிரேமா