இரண்டாவது தடவை எடுத்த ரத்தம்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
14-9-1997

அன்பு மகள் ஜூடித்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இன்று நாங்கள் இருவரும் நலம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகமாய் இருக்கணும். இன்று என்று ஏன் போட்டேன் என்றால், போன மாசம் அம்மா டைபாய்டு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், பயப்படாதே.

முதலில் வெறும் காய்ச்சல்தான். நாலாம் நாள் டாக்டரம்மா டைபாய்டா என்று பார்க்கிற விடால் டெஸ்டும், கூடவே ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டும் எழுதினார், அதற்கு ரத்தம் பெங்களூர் போகணும். விடாலில் ஒன்றுமில்லை என்று வந்ததும் இன்னொன்று எதுக்கு என்று நான்தான் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. அம்மாவும் எனக்கு இன்னா, நல்லாத்தான் இருக்கேன் என்று தண்ணி லாரிக்குக் குடம் தூக்கிக்கொண்டு போனாள். பத்தாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்தேன், பக்கத்து வீட்டுப் பாப்பம்மா நம் வாசலில் நின்றாள். உள்ளே போனால் அம்மா என்னைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடி அதே விடால் எடுத்து டைபாய்டு என்றார்கள். அதே மனுஷி, அதே ரத்தம், அன்றைக்கு இல்லாதது இன்றைக்கு எப்படி வந்தது என்று கத்திவிட்டேன். டாக்டரம்மா உட்காருங்க என்று சொல்லி, அந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராய் உடம்பு செய்கிற பொருளைத்தான் தேடுகிறது, அதைச் செய்ய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்றார். அது வந்துவிட்டால் கிருமி சாகணுமே என்றேன். இந்தக் கிருமி தன்னைத் தின்ன வந்த செல்லுக்குள்ளேயே புகுந்துகொள்ளும், அந்தப் பொருள் அங்கே போக முடியாது, மருந்து கொடுத்துத்தான் ஆகணும் என்றார். எதிர்க்கிற அந்தப் பொருளைச் செய்வது பி செல் என்று அவர் சொன்னபோதுதான், நீ ரெண்டு வருஷமாய் உன் படிப்பைப் பற்றி எழுதுகிற பேர் ஆச்சே என்று உறைத்தது. அந்தப் பக்கங்களை நான் தாண்டிவிடுவேன், அம்மாதான் முழுசும் படிப்பாள். வீட்டுக்குப் போய் உன் கடிதங்களை எல்லாம் எடுத்துவந்து அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பாதிதான் புரிந்தது. பி செல்கள் மற்ற செல்களுக்குக் கிருமியை அடையாளம் காட்டிக் கூப்பிடவும் செய்யும் என்று எழுதியிருக்கிறாய், நான் புரிந்துகொண்டது சரியா என்று பதில் போடு. மூணாம் நாள் காலையில் அம்மா கண் திறந்து, ஷேவ் பண்ணலையா என்றாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது முடி கொட்டுகிறது, குழைந்த சோறுதான் சாப்பிடுகிறாள். கிறிஸ்துமசுக்கு வருமுன் டைபாய்டு ஊசி போட்டுக்கொள், மறக்காதே. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. லேசான காய்ச்சல் என்று மட்டும் எழுதுங்க என்றாள் அம்மா. இதையே படிக்கிறவள் நீ, உனக்கு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் அப்பா,
ஞானதாஸ்