கிணற்றில் நீந்த ஒரு சட்டை

1934 ஜூன் 3, ஞாயிறு. ஆம்பூர்.

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் வீட்டுக்காரர் தூங்கிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தையல் சொல்லித்தரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பாயில் அவர் கைகள் மெல்ல அசைந்தன. முன்னால் நீண்டன, பக்கவாட்டில் விரிந்தன, மறுபடி நெஞ்சுக்கு வந்தன. நீந்துகிறார். பார்த்துக்கொண்டே இருந்தேன். அறை முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிறைந்து, நானும் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

போன வருஷம், அவர் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு கொதித்துத் தெறித்து அவர் முதுகு வெந்துபோனது. அதற்குப் பிறகு அவர் கிணற்றில் இறங்கவே இல்லை. ஆறிய முதுகை நான் இன்றுவரை பார்த்ததில்லை. என்னிடமும் சட்டையோடுதான் — இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 5

வெக்கை தாங்கவில்லை. “தோப்புக் கிணத்துக்குப் போய்ட்டு வரக்கூடாதா?” என்றேன். “நாலு பேரு வேடிக்கை பாக்கவா?” என்றார்.

ஜூன் 14

நிசார் அஹமது அண்ணன் வந்திருந்தார். அதே ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர். ஒரு காலத்தில் இருவரும் ஒன்றாகக் கிணற்றில் குதித்தவர்கள். சரக்கோடு மெட்ராஸ் போய் வந்த கதையைச் சொன்னார்.

“சமுத்திரத்துல தொரைங்க சட்டை போட்டுக்கினு குளிக்கிறாங்கம்மா. கையில்லாத சட்டை. யாரும் இன்னான்னு கேக்கல.”

“அவனுங்களுக்கு இன்னா கஷ்டமோ” என்று இவர் சிரித்தார். இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்.

ஜூன் 16

அவருக்கும் ஒரு கையில்லாத சட்டை தைக்கக் கருநீல மில் துணி வாங்கினேன். வெட்டும்போது கத்தரிக்கோல் தண்ணீரில் போவதுபோலப் போயிற்று.

ஜூன் 24, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையைக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். நாலு மணிக்கு நிசார் அண்ணன் அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். குதித்ததும் சட்டை உப்பி மேலே ஏறி, முகத்தை மூடிக் கைகளையும் கட்டிப்போட்டுவிட்டதாம். அண்ணன்தான் உள்ளே போய் இழுத்திருக்கிறார்.

தழும்பின் மேடு தெரியக்கூடாதென்று நான்தான் தாராளமாகத் தைத்தேன்.

“நீ இன்னா பண்ணுவ” என்றார் இவர். திட்டியிருக்கலாம். அய்யோ, நான் எதுக்குத் தைச்சேன்? அவருக்காகவா, எனக்காகவா?

ஜூன் 25

சட்டையைப் பெட்டிக்கடியில் தள்ளிவிட்டேன்.

ஜூலை 2

நான் பெட்டிக்கடியில் தள்ளிவிட்ட சட்டையை அவரே எடுத்து வந்தார். “அக்குள்ல புடிச்சுத் தை. கீழ பட்டி வெச்சு இடுப்போட கட்டிடு.”

நான் வேண்டாமென்றேன்.

“அடியில போனப்ப பயமே இல்ல ஜெயம். ஜில்லுனு இருந்துச்சி. அப்பாடான்னு இருந்துச்சி. அப்புறந்தான் மூச்சு முட்டுச்சி.”

அளவு எடுத்தேன். போட்டிருந்த சட்டையின் மேலேயே நாடாவைச் சுற்றினேன். துணிக்கு அடியில் மேடும் பள்ளமுமாக விரலில் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விலகவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

என்னையும் கூட்டிப்போனார். மாந்தோப்புக் கிணறு. நான் மேல்படியில் உட்கார்ந்தேன். வெயில் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கியிருந்தது. அவர் குதித்தார். சட்டை இம்மியும் நகரவில்லை. பச்சைக்குள் நீலமாக, அவசரமே இல்லாமல், வட்டம் வட்டமாகப் போனார். எனக்குத் தரை மறந்துவிட்டது.

தோப்புக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னா தேவசகாயம், தொரை ஆய்ட்டியா?” என்றார்.

“ஆமா, சலாம் போடு” என்று சொல்லிவிட்டு இவர் முங்கினார். தோப்புக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு ஏறி வந்து, எனக்குக் கீழ்ப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடுப்புப் பட்டியை அவிழ்த்தார். சட்டையைத் தலைவழியாகக் கழற்றிப் படியில் வைத்தார்.

“தொடைச்சு வுடு.”

முந்தானையால் துடைத்தேன். வலிக்குதா என்று கேட்டேன்.

“இல்ல. இன்னும் கொஞ்சம் மேல” என்றார்.