குடும்பம் என்று போட்டு அனுப்பாதே

குழித்துறை,
12.11.2025, புதன்கிழமை,
(கொல்லம் 1201, துலாம் 26)

அன்பு மகள் ஆதிராவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே பெரிய குறை ஏதுமின்றி இருக்கிறோம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் மாப்பிள்ளை அனில்குமாரும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றவற்றைப் பிறகு படிக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை, 14ஆம் தேதி, இரணியல் சுயம்புராஜுக்கு நீ அனுப்புவதாக இருக்கும் அறுநூறு யூரோவை அனுப்பாதே. நான் சொல்லித்தான் நீ அனுப்ப இருக்கிறாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் வேண்டாம் என்பதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. நேற்று, 11ஆம் தேதி, உன்னை நான்கு முறை அழைத்தேன். நீ பணியில் இருந்தாய் போலும். மாலையில், "பேடிக்காதீங்கப்பா, வெள்ளிக்கெழம சம்பளம் வந்த ஒடனே போட்டிருவேன், அந்த அண்ணன்கிட்ட சொல்லிருங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாய். பணத்தை விரைவில் அனுப்பு என்று நச்சரிக்கவே நான் அழைத்ததாக நீ எண்ணியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆகவே இதை எழுதி, பக்கத்து வீட்டு பெமிலாவைக் கொண்டு தாள்களைப் படம் பிடித்து உன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்கிறேன். அசல் விரைவஞ்சலில் வரும். தொலைபேசியில் நான் பேசினால் நீ சிரித்துவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் ஒருமுறையாவது முழுதாகப் படிப்பாய் அல்லவா.

நடந்ததைத் தேதி வாரியாகவே சொல்கிறேன். நாணயம் சேகரிப்போர் குழுவில் சுயம்புராஜ் போட்டிருந்த திருவிதாங்கூர் அரை ரூபாயின் படத்தை அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை எனக்கு அனுப்பினாய். கொல்லம் 1116ஆம் ஆண்டுக் காசு, உன் வரிசையில் அந்த ஓர் ஆண்டு மட்டுமே குறை, தரமிடும் நிறுவனம் எழுபதுக்கு அறுபத்து நான்கு கொடுத்து பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரையிட்டது என்றெல்லாம் மகிழ்ச்சியாக எழுதியிருந்தாய். (அதை 1940ஆம் ஆண்டுக் காசு என்றும் எழுதியிருந்தாய். 1116 என்பது 1940 ஆகஸ்டில் தொடங்கி 1941 ஆகஸ்டில் முடிவது. இரண்டையும் குறிப்பிடுவதே முறை.) ஆள் நம்ம ஊர்ப்பக்கம்தான், கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டாய். விசாரி என்று நீ சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, ரசலையனையும் கூட்டிக்கொண்டு இரணியலுக்குப் பேருந்தில் போனேன். ரசலையனை உனக்குத் தெரியும், என்னோடு பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவர். முக்கில் இருந்த மருந்துக்கடையில் கேட்டோம், தேநீர்க் கடையில் கேட்டோம். பையன் எந்த வீட்டுப் பிள்ளை, தகப்பன் என்ன செய்தார், சொத்து உண்டா, குடி உண்டா, அம்மை வழி எந்த ஊர் என்று ஒன்று விடாமல் கேட்டேன். பேருந்து நிறுத்தத்திற்குத் திரும்பி நடக்கும்போது ரசலையன் என்னைப் பார்த்து, "வே, நீரு மகளுக்குப் பழைய துட்டு வாங்க வந்தீரா, பேத்திக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீரா?" என்று கேலி செய்தார். எனக்குக் கோபம் வந்தது. குடும்பம் நல்லதென்றால் பொருளும் நல்லதாகத்தானே இருக்கும் என்று அவரிடம் வாதிட்டேன்.

நடுவில் அவன் வீட்டுக்கும் போனோம். தாயார் பழம்பொரியும் கட்டன் சாயாவும் தந்தார்கள். பேச்சோடு பேச்சாக, என் சின்னம்மையின் மகளைக் கட்டிய வீடும் அவர்கள் வீடும் ஒன்றுக்குள் ஒன்று என்று தெரிந்தது. அதுவரை சார் என்று அழைத்தவன் அந்த நொடியில் இருந்து மாமா என்றான். எனக்கும் உள்ளே ஏதோ இளகிவிட்டது. நாணயத்தை பீரோவிலிருந்து எடுத்து வந்து கையில் தந்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், 1116 என்று தெளிவாக இருந்தது, சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு எதையும் பார்க்கவில்லை, ஆதிரா. உறையின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் வாங்கும் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்துச் சொன்னவன் நான். அவன் மாமா என்று அழைத்த பிறகு ஒரு தாளை எடுத்து எண் எழுதுவது மரியாதைக்குறைவு என்று தோன்றிவிட்டது. பணம் அனுப்புவதைப் பற்றி அவன் சொன்னதும் அப்படியே. "பொருள் வாங்குறதுன்னு போட்டா கமிஷன் போவும் மாமா. நாமதான் சொந்தமாயாச்சே, குடும்பத்துக்குன்னு உள்ளதை அமுக்கி அனுப்பச் சொல்லுங்க. என் மச்சான் தங்கப்பன் லண்டன்லதான் இருக்கான், அவன் கணக்குல போட்டா போதும்" என்றான். இதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. வீடு திரும்பியதும் உனக்குச் சொன்னேன். நீ, "அப்பா பாத்தாச்சுன்னா எனக்கு அது போதும்" என்றாய். மறுநாள் 3ஆம் தேதி நூற்றைம்பது யூரோ முன்பணம் போய்விட்டது.

9ஆம் தேதி அவன் அழைத்து, வேறு ஒருவர் கேட்கிறார், 14ஆம் தேதிக்குள் மீதி வர வேண்டும் என்றான். நானும் அன்றே உன்னை அவசரப்படுத்தினேன். 10ஆம் தேதி காலையில் அம்மாவை முழங்கால் வலிக்காக நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன் (தேய்மானம் கூடவில்லை என்றார்கள், கவலைப்படாதே, மாத்திரையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்). வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கதையை முதன்முறையாக அவளிடம் முழுவதும் சொன்னேன். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு வெசாரிச்ச மாதிரி வெசாரிச்சிருக்கியளே, அந்தப் பழைய துட்டப் பத்தி யாருட்ட கேட்டிய?" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. அன்று பிற்பகலே பெமிலாவிடம் போனேன். அவள் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பதால் இவற்றில் விவரம் தெரிந்தவள். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, உறையில் இருந்த எண்ணைத் தரமிடும் நிறுவனத்தின் தளத்தில் போட்டாள். எண் சரி, ஆண்டு சரி, அறுபத்து நான்கும் சரி. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதன் கீழே அவர்கள் எடுத்த படமும் இருந்தது. அந்தக் காசில் பொறித்திருக்கும் சங்கின் வால்பக்கம் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. இவன் போட்ட படத்தில் அந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் காசை யார் துடைக்க முடியும்? பெமிலாவிடம் மூன்று முறை மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன். அவள், "மாமா, ரெண்டும் வேற வேற காசு. நம்பரை மட்டும் எடுத்து வேற கூட்டுல ஒட்டியிருக்கு" என்றாள்.

உடனே அவனை ஏமாற்றுக்காரன் என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே அவனை அழைத்து, அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி நாணயத்தின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டேன். "என்ன மாமா, கோர்ட்டு கேஸா இது?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் பழைய படத்தையே மீண்டும் அனுப்பினான். இன்று காலை மூன்று முறை அழைத்தான், நான் எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்து, என் மகள் பொருள் வாங்கும் வகையில், உன் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே அனுப்புவாள், காசு வந்து சேர்ந்து எண்ணும் படமும் ஒத்துப் போகாவிட்டால் பணம் திரும்பும், சம்மதமா என்று கேட்டேன். "அப்ப நீங்க எங்க வீட்டுல வந்து சாயா குடிச்சது இதுக்குத்தானா மாமா? எங்கம்மைட்ட இத நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றான். அப்படியானால் முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். "அட்வான்ஸ் எல்லாம் திரும்பாது. எழுதியா வாங்குனோம்?" என்று வைத்துவிட்டான். எழுதியா வாங்கினோம் என்று என்னைப் பார்த்து ஒருவன் கேட்கும்படி ஆயிற்று.

குடும்பம் என்று போட்டு அனுப்பினால், நம் விருப்பத்தில் கொடுத்த அன்பளிப்பாகத்தான் நீ பணம் அனுப்பும் செயலி எடுத்துக்கொள்ளுமாம். பொருள் வராவிட்டாலும் போலியானாலும் கேட்க வழியில்லை என்கிறாள் பெமிலா. ஆயினும் அந்த நூற்றைம்பதைப் பற்றி அவர்களுக்கு இன்றே ஒரு புகார் எழுது. எந்தத் தேதியில் யார் பெயருக்குப் போனது, எதற்காகப் போனது என்பதைச் சொல்லி, அவனோடு நடந்த உரையாடல் முழுவதையும் சேர்த்து அனுப்பு. உரையாடலை அழித்துவிடாதே. குழுவை நடத்துபவரிடமும் அந்த எண்ணையும் இரண்டு படங்களையும் காட்டு, வேறு எவரும் மாட்ட வேண்டாம். இனி எந்தக் காசு வாங்கினாலும் விற்கும் தளத்துக்கு உள்ளேயே பணம் கட்டு, இல்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உள்ள வங்கி அட்டையில் கட்டு. விற்பவன் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். அவன் நம் ஊரா, நம் சொந்தமா என்று என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் திரும்பவும் பேருந்து ஏறிப் போய்விடுவேன், என் மேல் எனக்கே நம்பிக்கையில்லை.

அவன் வேண்டுமென்றே செய்தானா, வேறு எவரிடமோ ஏமாந்து வாங்கியதை நமக்குத் தள்ளினானா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் உன்னிடம் சொன்னேன். என் சொல்லை நம்பித்தான் உன் உழைப்பு அங்கே போயிற்று. நல்ல குடும்பம், தைரியமாக வாங்கு என்று 2ஆம் தேதி மாலை நான் சொன்னதை இதன்வழி திரும்பப் பெறுகிறேன். அம்மா இதைப் படித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பயமுறுத்துகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள் என்கிறாள். பயந்தாலும் பரவாயில்லை.

துலாம் மழை விடவில்லை, ஆற்றில் தண்ணீர் கலங்கி ஓடுகிறது. நீ இரவுப் பணி முடிந்து வரும்போது கழுத்தை மூடிக்கொள். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. இருவரும் நோய் நொடியின்றி நீண்ட ஆயுளோடு, மனம் போல் வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு. இதைப் பார்த்ததும், வேலைக்கு நடுவே ஆனாலும், அனுப்பவில்லை என்று ஒரே ஒரு சொல் போடு. ஒருவேளை முன்கூட்டியே அனுப்பிவிட்டாய் என்றால் அதையும் மறைக்காமல் போடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பெமிலா இரவு ஒன்பது மணி வரை தன் கைப்பேசியை என்னிடமே விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். என்னுடையதில் எழுத்து சிறியதாகத் தெரிகிறது.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ச. பொன்னுலிங்கம்
(பிற்பகல் 3.40)