தோளில் நிறம் போன சட்டை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அறைத்தோழி பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் பார்சலோடு இந்தக் கடிதம்.

உன்னை வழியனுப்ப வந்தபோது நான் போட்டிருந்த கருநீலச் சட்டையைத் துவைத்து எடுத்த அம்மா ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. நல்ல சட்டையோட ஒர்க்‌ஷாப்புக்குப் போய் பேட்டரி ஆசிட்டைக் கொட்டிக்கிட்டீங்களான்னு கேட்டாள். ஆசிட் பட்டால் துணி பொத்தலாகும், இதில் நூல் அப்படியே இருக்கிறது, நிறம்தான் போயிருக்கிறது என்றேன், நம்பவில்லை. பிறகு உன் கட்டிலைச் சுத்தம் செய்யும்போது தலையணை உறையிலும் அதே மாதிரி திட்டைப் பார்த்து, உறையை உருவி என்னிடம் கொண்டுவந்தாள். இரண்டையும் மருந்துக்கடை அம்மாவிடம் காட்டினேன். வீட்டுல யாராவது முகப்பருவுக்குக் களிம்பு போடுறாங்களா, அது சாயத்தையே தின்னுடுங்க, எவ்வளவு துவைச்சாலும் நிறம் திரும்பாதுன்னு சொன்னார். ரயில் ஏறும் முன் களிம்பு தடவிய முகத்தை நீ புதைத்து அழுத தோள்தான் அது.

உன் துண்டிலும் சட்டைக் காலரிலும் பொறாமையில் ப்ளீச் ஊற்றிவிட்டாள் என்று யாரைத் திட்டினாயோ, அந்த அறைத்தோழி நம் வீட்டு வாசலை மிதித்ததே இல்லையம்மா. நீ காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்குக்கூடப் போகாமல் நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள். அவளை விட்டு மாதக் கடைசியில் வேறு அறைக்குப் போகிறேன் என்கிறாய். அங்கே உனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதானே.

களிம்பை நிறுத்த வேண்டாம். தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு உடுப்பை மாட்டு, தூங்கும்போது வெள்ளைச் சட்டையும் வெள்ளை உறையும் போதும், வெள்ளையில் போவதற்கு நிறம் ஏது. வியர்த்தால் காலர் பக்கம் கவனம். பார்சலில் இரண்டு துண்டு இருக்கிறது, வெள்ளை உனக்கு, பச்சை அவளுக்கு. துண்டை மட்டும் நீட்டிவிட்டு வராதே, தப்பு என்னுதுதான்னு வாயைத் திறந்து சொல்லு.

சட்டைக்குச் சாயம் ஏற்றித் தருகிறேன் என்றாள் அம்மா, வேண்டாம் என்றுவிட்டேன். வளர்ந்த பிறகு நீ என் தோளில் சாய்ந்தது அந்த ஒரு நாள்தான், அதைப் போட்டுக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். அடுத்த முறை பேசும்போது அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு, மறக்காதே.

உன் நலமே நினைக்கும்
அப்பா