வட்டிலாப்பக் கலர் வீடு

2025 ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் குவைத்திலிருந்து றாபியாவின் கோல். ஜூலை 24 வருகிறாளாம். நாற்பது நாள் லீவு. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள், செப்டம்பர் 2. அங்கே வேலை பார்க்கிற வீட்டு மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாளாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"வீட்டப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்னேன்."

வீட்டைப் பார்த்துவிட்டு. அதுதான் இன்று முழுக்கக் காதில் நிற்கிறது. நாலு வருஷத்துக்கு முன் அவள் போகும்போது இந்த இடத்தில் ஒரு பலாமரமும் அத்திவாரமும்தான். காணி அவளுடைய சீதனம். கல், சீமெந்து, ஓடு எல்லாம் அவள் அனுப்பிய காசு. தன் வீட்டை அவள் போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள். இதில் என்னுடையது என்று என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன், ஐந்தடி பதினொரு அங்குலம். வேறொன்றும் இல்லை.

ஆகவே வீட்டை அழகாக்குவது என் பொறுப்பு. கையில் காசு இல்லை, கை இருக்கிறது. மகள் நுஸ்லாவிடம் சொன்னேன். பதினேழு வயது, வாய்க்கு வயது முப்பது.

"வாப்பா, அப்ப அந்தக் கோழிக்கூடு?" என்றாள்.

முன்பு நான் கட்டிய அந்தக் கோழிக்கூட்டைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூன் 22, ஞாயிறு

இருபது வருஷம் மாத்தளை டவுனில் புடவைக்கடையில் நிற்பதற்கு இன்றுதான் பலன். துணி சுற்றி வரும் மட்டைக்குழாய்கள் கடைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கின்றன. "குப்பதானே, அள்ளிட்டுப் போங்க" என்று முதலாளி நேற்றே சொன்னார். பதினேழு குழாயைக் கட்டி யட்டவத்த பஸ்ஸில் ஏற்றினேன். கொண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். நியாயந்தான், சீட்டில் உட்கார்ந்து வந்தது அவைதான். நான் நின்றுகொண்டு வந்தேன்.

திட்டம்: நாலு குழாய் ஜன்னல் சீலைக்கு. மீதியை வெட்டி ஒட்டிச் செருப்பு அடுக்கு ஒன்றும் ஒரு முக்காலியும். நுஸ்லா யூடியூபில் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரி பத்து நிமிஷத்தில் முடிக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

பத்து நிமிஷம் இல்லை. ஐந்து நாள்.

றாபியா வீடியோவில் வந்தாள். எதையும் காட்டக் கூடாது என்று அலுமாரிக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்தேன்.

"ஏன் பாஸ்போட் போட்டோ எடுக்கிற மாதிரி இருக்கீங்க? கொஞ்சம் வீட்டச் சுத்திக் காட்டுங்களேன்."

"சிக்னல் இங்க மட்டுந்தான் இருக்கு."

"போன கிழம கெணத்தடில நின்னு பேசினீங்க."

நுஸ்லா பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் ஓடினாள். பொய் சொல்லக்கூட ஒரு திறமை வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஜன்னல் சீலை விழுந்தது. குழாயோடு. அதைப் பிடித்துக்கொண்டிருந்த நானும்.

ஜூலை 6, ஞாயிறு

பெயின்ட் நாள். வாங்கினால் கட்டாது. அடுத்த வீட்டுத் தர்மராஜா மாஸ்டர் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பிரவுன் அரை டின், கடையில் மிஞ்சிய கிரீம் ஒரு டின், எங்கோ கிடந்த மஞ்சள் கொஞ்சம். மூன்றையும் பெரிய வாளியில் ஊற்றித் தடியால் கலக்கினேன். முன் அறை நாலு சுவரும் மதியத்துக்குள் முடிந்தது.

நுஸ்லா வாசலில் நின்று பார்த்தாள். "வாப்பா, இது வட்டிலாப்பக் கலர்."

"நல்லதா கெட்டதா?"

"கரண்டி எடுத்துட்டு வரவா?"

தர்மராஜா மாஸ்டரும் வந்து எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிதர். நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டார். ஊரே மாஸ்டர் என்கிறது, ஏன் என்று அவருக்கும் தெரியாது. ஒரு கோடு அரை அங்குலம் சரிந்தாலும் அவருக்குத் தலையிடி வரும்.

"நிறம் பரவாயில்லை புஹாரி," என்றார். "பெருநாள் வராமலே பசிக்குது."

சொல்லட்டும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவிக்கிற வட்டிலாப்பம் என்றால் றாபியாவுக்கு உயிர்.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமிப் போயா, கடை லீவு

குசினி. இதுதான் பெரிய வேலை. இதில்தான் அவளை மயக்கப் போகிறேன்.

நாலு வருஷமாக நான் சமைத்தது ஒரு பழைய குட்டை மேசையில். குனிந்து குனிந்து தேங்காய் துருவி முதுகு வளைந்துவிட்டது. இந்த முறை முதுகுக்கு ஏற்ற மாதிரி கட்டுவது என்று முடிவு. புளொக் கல்லை வரிவரியாக அடுக்கி இரண்டு தூண், மேலே உடைத்த வீடொன்றில் வாங்கிய பழைய கதவு. நின்றுகொண்டே வெங்காயம் அரியலாம், இடுப்பு நோகாது. அதற்கு மேலே மூன்று பலகை அடுக்கு, தேயிலை டின், மிளகு, மஞ்சள், கறித்தூள் எல்லாம் வரிசையாக, கை நீட்டினால் எட்டும் உயரத்தில். நுஸ்லாவையும் நிற்கவைத்துப் பார்த்தேன். என் உயரம் அவளுக்கு. சுகமாக எட்டியது.

மாஸ்டர் தன் நீர்மட்டக் கட்டையைக் கொண்டுவந்து ஒவ்வொரு பலகையிலும் வைத்துக் குமிழியைப் பார்த்தார்.

"உது சரிஞ்செல்லோ கிடக்கு. விடும், நான் பிடிக்கிறன்."

நாலு தரம் கழற்றிப் பூட்டினோம். கடைசியில் குமிழி நடுவில் நின்றது. இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு பிழை சொல்ல இடமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மிளகுக் கடையில் வெறும் சாக்கு ஆறு வாங்கி, தோய்த்துக் காயவைத்துக் குஷன் உறை தைத்தேன். நுஸ்லா மெஷின் மிதித்தாள். நல்ல அழகு, படத்தில் வருவது போல. மாஸ்டரை முதல் ஆளாக உட்காரவைத்தோம். சாய்ந்தார். தும்மினார். மன்னிப்புக் கேட்டார். மறுபடி தும்மினார். ஐந்தாவது தும்மலில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் இரண்டு தண்ணீர் தோய்க்க வேண்டும்.

கல்யாணப் போட்டோவுக்குப் பலாப்பலகையில் சட்டம் அடித்து முன் அறையில் என் கண்ணுக்கு நேராக மாட்டினேன். அதில் றாபியா என் காது அளவுக்கு நிற்கிறாள். அவள் சாரிக்குள்ளே ஒரு சோடாப் பெட்டி இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் போட்டோக்காரருக்கும் மட்டும் தெரியும்.

ஜூலை 18, வெள்ளி

இன்று அவள் குரலில் அலுப்பு. "மேடம் ஒவ்வொரு நாளும் கேக்கிறாங்க. நல்ல மனுசி, பாவம்" என்றாள். நல்ல மனுசியாம். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

வீடு புடிக்காட்டி? ரெண்டு வருஷம், அதுக்குப் பிறகு இன்னும் ரெண்டு. நுஸ்லாவக் கட்டிக் கொடுக்கிற நேரத்துக்குத்தான் வருவா போல. போகாதேன்னு வாயால சொல்ல எனக்கு என்ன உரிமை? அவ காசுலதானே இந்தக் கூரைக்குக் கீழ உக்காந்து எழுதிட்டு இருக்கேன். சொல்ல முடியாததால தானே சுவருக்கு சுவர் பெயின்ட் அடிச்சிட்டுத் திரியிறேன்.

நாளைக்குக் குஷன் இன்னொரு தரம் தோய்க்கணும்.

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

செருப்பைக் கழற்றி, குழாய் அடுக்கில் வைத்து, "இதுவும் நீங்க செஞ்சதா?" என்று கேட்டாள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் கையை வைத்துக்கொண்டே நடந்தாள். வட்டிலாப்பத்துக்குச் சிரித்தாள். போட்டோவை அண்ணாந்து பார்த்து, "பெட்டிய யாருக்கும் சொல்லிடலதானே?" என்றாள். குஷனில் உட்கார்ந்தாள். தும்மினாள், ஏழு தரம். நுஸ்லா எண்ணினாள்.

குசினியில் அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். "பெரிய குசினி" என்றாள்.

அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 30, புதன்

கடையில் சரக்கு எடுக்க எங்கள் ஊர்ப்பக்கம் அனுப்பினார்கள், திரும்பும் வழியில் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தேன். சத்தம் போடாமல் உள்ளே போனால் குசினியில் றாபியா. கால் விரலில் நின்று விளக்குமாற்றுக் கட்டையால் தேயிலை டின்னைக் கொளுவி இழுத்துக்கொண்டிருக்கிறாள். டின் ஆடி ஆடி விளிம்புக்கு வருகிறது. ஒரு கையால் ஏந்திக்கொண்டாள். நன்றாகப் பழகிய கை. வந்த நாளிலிருந்து இப்படித்தான் போல.

பிறகு வெங்காயம் அரியத் தொடங்கினாள். கதவுப் பலகை அவள் நெஞ்சுக்கு நிற்கிறது. முழங்கை இரண்டும் சிறகு மாதிரி மேலே.

நாலடி பத்து அங்குலம். இருபது வருஷம் கூட வாழ்ந்தவன் நான். தோளைப் பார்த்தே பிளவுஸ் துணி எவ்வளவு என்று சொல்லுகிற ஆள். அவள் வீட்டைக் கட்டும்போது அவளை மறந்துவிட்டேன். நாலு வருஷம் இல்லாமல் இருந்தால் ஆளின் உயரம்கூட மறந்து போகுமா?

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஆசையாச் செஞ்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வழி கண்டுபிடித்தேன். காலையிலிருந்து வேலை. மிஞ்சிய பலகையில் இரண்டு தட்டு வைத்து ஒரு படி அடித்தேன். ஏறினால் எல்லாம் எட்டும். மிஞ்சிய வட்டிலாப்பமும் பூசினேன். காலில் குத்தாமல் விளிம்பு தேய்த்து, ஆடாமல் ஆணி அடித்து, என் வாழ்நாளில் நான் செய்த மிகத் திறமான சாமான். கொண்டுபோய் அவள் காலடியில் வைத்தேன்.

ஏறிப் பார்த்தாள். டின்னை எடுத்தாள். இறங்கினாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "மேடமும் எனக்கு ஒரு படி வாங்கித் தந்தாங்க. அங்கயும் குசினி ஒசரம்."

கோபத்தில் சொல்லவில்லை. ஒரு தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் வெளியே போய்ப் பலாமரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு கஜம் கேட்டவருக்கு மூன்று கஜம் வெட்டிவிட்டேன். முதலாளி கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி, போயா

மாஸ்டரிடம் எல்லாம் சொன்னேன். நீர்மட்டக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மட்டம் பாத்தம். ஆளைப் பாக்கேல்லை," என்றார். "எனக்கும் பங்கிருக்கு. எப்ப கழட்டிறது?"

வீட்டுக்கு வந்து றாபியாவிடம் நேராகச் சொன்னேன், எல்லாவற்றையும் இறக்கிக் கட்டுகிறேன் என்று.

"நாப்பது நாளுக்கு எதுக்கு ஒடைக்கிறீங்க. பதினஞ்சு நாள் முடிஞ்சும் போச்சு. நான் போனா திரும்ப நீங்கதானே குனியணும். விடுங்க."

காதிலிருந்த கடைப் பென்சிலை எடுத்துக் கதவுப் பலகையில் வைத்தேன். "எந்த எடத்துல வரணும்னு நீ கோடு போடு, நான் ஒடைக்கிறேன். நீ போடாட்டி கை வைக்க மாட்டேன்." பிறகும் நின்றேன். "நீ இங்க இருக்கணும்னு எனக்கு ஆச, றாபியா. வீட்ட அதுக்குத்தான் பூசினேன். சொல்லத் தெரியாமப் பூசினேன்."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை மாற்றி மறுபடி களைந்தாள். மூன்று தரம் களைந்தாள்.

ஆகஸ்ட் 9, சனி

கோடு இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கோடு இல்லை. பென்சிலையும் காணவில்லை. மேசைக்குக் கீழும் தேடினேன். நுஸ்லா கணக்குப் போட எடுத்தாளாம். வாங்கித் திரும்ப வைத்தேன். அவளுக்கு ஒரு டசின் பென்சில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு நாள் மூன்று பேருமாகப் போவோமா என்று றாபியா கேட்டாள். போவோம் என்றேன். பார்க்க வேண்டியதெல்லாம் லீவுக்குள் பார்த்துவிட நினைக்கிறாளோ?

ஆகஸ்ட் 16, சனி

கடை விட்டு வந்து கைகால் கழுவிக் குசினிக்குப் போனேன்.

சுவர் முழுக்கக் கோடு.

பென்சிலால் நேராக, அடிமட்டம் வைத்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே அவள் எழுத்து. "மேச." "தேயில." "மொளகு, மஞ்ச." "நுஸ்லாட கோப்ப." முன் அறையிலும் போய்ப் பார்த்தேன், போட்டோவுக்குக் கீழே, என் நெஞ்சுக்கு நேராக ஒரு கோடு: "நாங்க."

திரும்பக் குசினிக்கு வந்தேன். மூலையில், கீழே, அகலமாக இன்னொரு கோடு. அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

"நோம்புக் கஞ்சிப் பான."

நோன்புக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது.

றாபியா கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழித்துவிடுவாளோ என்று பயம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தூண்களில் இரண்டு வரிக் கல் கழற்றினோம். மாஸ்டர் கட்டை பிடித்தார், றாபியா மேசைக்குப் பக்கத்தில் நின்று முழங்கையை மடக்கிக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். அவ்வளவுதான்." குமிழி நடுவில் நின்றது. சுவரில் பழைய ஆணி ஓட்டைகள் பன்னிரண்டு. பூச வட்டிலாப்பம் தீர்ந்துவிட்டது. படியை நுஸ்லா கோழிக்கூட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டாள். கோழிகள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

செப்டம்பர் 2, செவ்வாய்

கடை விட்டு வந்து தேத்தண்ணி போடப் போய் அடுக்கில் நெற்றியை இடித்துக்கொண்டேன். இந்தக் கிழமையில் மூன்றாவது தரம். தேயிலை டின்னும் தலையில் விழுந்தது.

றாபியா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், முழங்கை இரண்டும் இடுப்போடு ஒட்டி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குனிஞ்சு பழகுங்க" என்றாள்.

ஐஸ் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மணி ஏழு. குவைத் பிளேன் இந்நேரம் ஏறியிருக்கும். வீங்கினால் வீங்கட்டும்.